வெள்ளம், மழை, புகை: கைபேசி வரைபடம் பற்றி வாசகர் கேட்டவை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து களனி கங்கை பெருகியதன் பின், கைபேசியையும் இணைய வரைபடத்தையும் அனர்த்த வேளையில் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டு எழுதிய வாசகர்கள் பலர். சுற்றாடல் அளவீடு பற்றிய கேள்விகள் சிலவற்றையும் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றத்தில் இருபது பேர் இருக்கிறோம். போன வெள்ளத்தில் வட்ஸ்அப் குழுவில் செய்திகள் குவிந்தன, ஆனால் எது பழையது, எது புதியது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தடவை ஒழுங்காக வரைபடம் போட வேண்டும். எந்தச் செயலியில் தொடங்குவது? – வாசகர், மட்டக்குளி

செயலியைப் பிறகு பார்க்கலாம். படகும் உணவும் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் முதலில் போங்கள். உங்கள் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தின் அனர்த்தப் பிரிவு, 117 இலக்கத்துக்குப் பதில் சொல்லும் அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகியோருக்கு என்ன விவரம், எந்த வடிவில், எத்தனை மணிக்கு ஒரு தடவை வேண்டும் என்று மழை இல்லாத மாதத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது வரைபடத்தை அல்ல. இடம், ஆட்கள் எண்ணிக்கை, நடக்க முடியாதவர் உண்டா, தொடர்பு எண் என்ற நான்கு விவரங்கள் கொண்ட ஒரு பட்டியலையே கேட்பார்கள். அந்தப் பட்டியல் தானாக வெளிவரும் விதத்தில் உங்கள் படிவத்தை அமையுங்கள்.

படிவத்துக்கு கோபோ டூல்பாக்ஸ் அல்லது ஓடிகே போதும். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். தமிழ், சிங்களம் இரண்டிலும் கேள்விகளை வைக்கலாம், இணையம் இல்லாதபோதும் நிரப்பிச் சேமித்து, தொடர்பு வந்ததும் அனுப்பலாம். ஆன்ட்ராய்டு கைபேசிக்கு அவற்றின் செயலி உண்டு. ஐபோன் வைத்திருப்பவர் கோபோ படிவத்தை உலாவியில் திறக்க வேண்டும். இணையம் இருக்கும்போது ஒரு தடவை திறந்து வைத்தால்தான் பிறகு இணையம் இல்லாமலும் அது வேலை செய்யும்.

கேள்விகள் பத்தைத் தாண்டக் கூடாது. மழையில் நனைந்த விரலால் தொடுதிரையில் எழுத்து அடிக்க முடியாது, அதனால் தட்டித் தெரிவு செய்யும் கேள்விகளாகவே இருக்கட்டும். தண்ணீரின் ஆழத்தைச் சென்டிமீட்டரில் கேட்காதீர்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, நெஞ்சு, அதற்கு மேல் என்று ஐந்து தெரிவுகள் வையுங்கள். வீதி மட்டத்திலிருந்தா, வீட்டுத் தரையிலிருந்தா என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். மட்டக்குளியில் வீதிக்கும் வீட்டுத் தரைக்கும் இடையில் ஒன்றிரண்டு படி வித்தியாசம் சாதாரணம், அந்த ஒரு படி ஒரு குடும்பத்தை வெளியேற்ற வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும்.

பார்த்த நேரத்தைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். செயலி தானாகப் பதியும் நேரம், படிவம் திறக்கப்பட்ட நேரம்தான். காலை ஆறு மணிக்குப் பார்த்ததை மதியம் உட்கார்ந்து நிரப்பினால் வரைபடத்தில் அது மதியத் தண்ணீராகத் தெரியும். உங்கள் வட்ஸ்அப் குழுவில் நடந்ததும் இதுதான்: ஒரே செய்தி கை மாறி மாறி வந்து ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தெரிந்தது.

படம் எடுக்கும் கேள்வியில் நீண்ட பக்கத்தின் அளவை 1024 பிக்சலுக்கு மட்டுப்படுத்துங்கள். அப்படியே விட்டால் ஒரு படம் பல மெகாபைட் வரும். வெள்ள நாளில் கைபேசிக் கோபுரங்கள் நெரிசலில் இருக்கும்போது அந்தப் படமே முழுப் படிவத்தையும் வரிசையில் நிறுத்திவிடும்.

இருபது பேரையும் களத்துக்கு அனுப்ப வேண்டாம். குறைந்தது நான்கு பேர் உலர்ந்த இடத்தில் கணினியின் முன் இருக்க வேண்டும். வந்த பதிவுகளைத் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்துவது, முப்பது மீட்டருக்குள் ஒரே மணித்தியாலத்தில் வந்த இரண்டு பதிவுகள் ஒரே வீடா என்று பார்த்து ஒன்றாக்குவது, அதிகாரிகளிடம் ஒப்படைப்பது ஆகியவை அவர்கள் வேலை. ஒவ்வொரு பதிவும் புதியது, உறுதியானது, ஒப்படைக்கப்பட்டது, முடிந்தது என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் நிற்க வேண்டும். கடைசி நிலையைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். மீட்கப்பட்ட குடும்பம் வரைபடத்தில் இன்னும் சிவப்புப் புள்ளியாக நின்றால், படகு அங்கே வீணாகப் போகும், அந்த நேரம் இன்னொரு குடும்பம் கூரையில் நிற்கும்.

டேட்டா முற்றாக விழுந்தாலும் குறுஞ்செய்தி சில வேளை போய்ச் சேரும். இடம், ஆழம், ஆட்கள், நேரம் என்ற அதே வரிசையில் குறுஞ்செய்தி அனுப்ப எல்லாரையும் பழக்குங்கள். வெயில் நாள் ஒன்றில் எல்லாரும் டேட்டாவை அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள், எந்தக் கைபேசியில் வரைபடம் முன்கூட்டியே இறக்கப்படவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் ஒன்று, 5,000 கொண்ட கைபேசியை இரண்டு தடவை நிரப்பாது. மின்னழுத்த மாற்றத்தில் இழப்பு உண்டு, ஒன்றேகால் தடவை என்று கணக்கு வையுங்கள்.

ஓடும் தண்ணீர் முழங்காலைத் தொட்டால் அளக்கப் போகவே கூடாது. மேல் மாடியிலிருந்து எடுத்த படமும் பக்கத்து மதிலில் தெரியும் நீர்க்கோடும் போதுமான பதிவு.

கேள்வி: நிவாரணப் பட்டியலில் இருந்த வீடுகளை இணைய வரைபடத்தில் ஏற்றினோம். சில புள்ளிகள் கடலில் விழுந்தன, சில பக்கத்துத் தெருவில் நிற்கின்றன. எங்கே பிழை? – வாசகி, கொட்டாஞ்சேனை

கடலில் விழுந்தவை தட்டச்சுப் பிழைகள், பக்கத்துத் தெருவில் நிற்பவை கைபேசியின் பிழை. இரண்டுக்கும் மருந்து வேறு.

கொழும்பு ஏறத்தாழ 6.93 பாகை வடக்கு, 79.85 பாகை கிழக்கு. இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டால் புள்ளி வட துருவத்துக்குக் கிட்ட, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே போய் நிற்கும். இது அடிக்கடி நடக்கக் காரணம், கூகுள் வரைபடம் அகலாங்கை முதலில் காட்டுகிறது, வரைபடத்தில் இடங்களை ஏற்றும் ஜியோஜேசன் கோப்போ நெட்டாங்கை முதலில் கேட்கிறது.

அடுத்தது பாகை, கலை குழப்பம். 6 பாகை 55 கலை என்பதை 6.55 என்று அடித்துவிடுகிறார்கள். 55 கலையை 60ஆல் வகுக்க வேண்டும், சரியான எண் 6.917. பிழையான எண் புள்ளியை நாற்பது கிலோமீட்டர் தெற்கே, களுத்துறைப் பக்கம் தள்ளும். நெட்டாங்கிலும் அதே பிழை சேர்ந்தால் களுத்துறைக்கு மேற்கே நடுக்கடல்தான்.

மூன்றாவது, அரச வரைபடங்களிலிருந்து எடுத்த எண்கள். இலங்கையில் இடத்தை மீட்டரில் சொல்லும் இரண்டு தேசியக் கட்ட முறைகள் பாவனையில் இருக்கின்றன. பழைய கண்டவளை முறையில் கொழும்புக் கோட்டைப் பகுதி கிழக்கு 98,000, வடக்கு 192,000 மீட்டரை ஒட்டி வரும். 1999ஆம் ஆண்டு முறையில் அதே இடம் 398,000, 492,000 என்று வரும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழையதற்கு ஈபிஎஸ்ஜி குறியீட்டு எண் 5234, புதியதற்கு 5235 என்று தெரிவு செய்யுங்கள். மாற்றித் தெரிவு செய்தால் இரு திசையிலும் முந்நூறு கிலோமீட்டர் தவறும், அதனால் பிழை உடனே கண்ணில் படும். வெறுமனே மூன்று இலட்சத்தைக் கூட்டிக் கழித்துச் சரிசெய்யாதீர்கள். இரண்டு முறைகளின் அடிப்படையும் வேறு என்பதால், மென்பொருள் வழியாகவே மாற்ற வேண்டும்.

பக்கத்துத் தெரு விவகாரத்துக்கு வருவோம். திறந்த வெளியில் நல்ல கைபேசி ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் செட்டியார் தெருவிலும் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால் இருபது முதல் ஐம்பது மீட்டர் பிசகுவது வழமை. ஆன்ட்ராய்டு காட்டும் துல்லிய வட்டம் 68 சதவீத நம்பிக்கைக்கானது, அதாவது மூன்றில் ஒரு தடவை உண்மையான இடம் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கலாம். படிவத்தில் அந்தத் துல்லிய அளவு பத்து மீட்டருக்குக் கீழே வந்தபின் பதியும்படி வைத்து, வாசலில் அல்லாமல் வானம் தெரியும் சந்தியில் நின்று அரை நிமிடம் பொறுங்கள். டேட்டா இல்லாதபோது முதல் தடவை இடம் பிடிக்க இன்னும் கூடுதல் நேரம் எடுக்கும், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். அதன்பின் செய்மதிப் படத்தில் வீட்டின் கூரையைப் பார்த்துப் புள்ளியைக் கையால் நகர்த்துவதே சரியான வழி. இலக்கத்துக்குள் இலக்கமாகப் போகும் தோட்ட வீடுகளுக்கு, பக்கத்துக் கோயில், பள்ளிவாசல், கடை என்று அடையாளம் ஒன்றை எழுதி வைப்பதும் கட்டாயம்.

தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வைத்திருங்கள், அது ஒரு மீட்டர் அளவு நுணுக்கம். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை தவறலாம்.

ஒருவர் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படத்துக்குள் இருந்த இட விவரம் அழிந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது இருப்பிடத்தைத் தனியாகப் பகிரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கைபேசி எங்கள் வீட்டின் உயரம் கடல் மட்டத்துக்கு 90 மீட்டர் கீழே என்கிறது. வெள்ள அபாயம் அவ்வளவா? – வாசகர், கொலன்னாவை

பயப்பட வேண்டாம். ஜிபிஎஸ் பூமியை ஒழுங்கான நீள்கோளமாக எடுத்து அளக்கிறது. நமது தீவைச் சுற்றி உண்மையான கடல் மட்டம் அந்தக் கோளத்திலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் தாழ்ந்து இருக்கிறது. அதைத் திருத்தாத செயலிகள் கொழும்பில் மறை எண்ணைக் காட்டும். திருத்தும் செயலியிலும் பல மீட்டர் பிழை வரும். கொலன்னாவையில் அரை மீட்டரே எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்பதால், கைபேசி உயரத்தை வெள்ள வேலைக்கு எடுக்கவே வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் முப்பது மீட்டர் உயரத் தரவும் கூரைகளையும் மரங்களையும் சேர்த்து அளந்தது. போன வெள்ளத்தின் கறை மதிலில் எங்கே நிற்கிறதோ, வீதியிலிருந்து அதை நாடாவால் அளந்து பதியுங்கள்.

கேள்வி: நீர்மட்ட அறிக்கையில் ஹங்வெல்ல 7 என்றும் நாகலகம் வீதி 5 என்றும் இருந்தால் எதற்குப் பயப்பட வேண்டும்? – வாசகி, வெல்லம்பிட்டி

இரண்டும் களனி கங்கையின் நீர்மட்டத்தை அளக்கும் இடங்கள். நாகலகம் வீதி அளவுகோல் அடியில், ஹங்வெல்ல மீட்டரில். பகிரப்படும் வரைபடங்களில் அலகை விட்டுவிடுவதால் இந்தக் குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. நாகலகம் வீதியில் 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். ஹங்வெல்லயில் 7 மீட்டர் எச்சரிக்கை, 8 சிறு வெள்ளம், 10 பெரு வெள்ளம். ஆகவே நீங்கள் சொன்ன எண்களில் நாகலகம் வீதி ஏற்கெனவே சிறு வெள்ள நிலையில், ஹங்வெல்ல எச்சரிக்கை நிலையில்.

எண்ணைவிடப் போக்கைப் பாருங்கள். ஹங்வெல்ல கங்கையின் மேற்பகுதியில் இருக்கிறது, அங்கே ஏறும் தண்ணீர் உங்களிடம் வர மணிக்கணக்காகும். ஹங்வெல்ல ஏறிக்கொண்டிருக்க நாகலகம் வீதி அசையாமல் நின்றால், அந்த இடைவெளிதான் நீங்கள் ஆவணங்களையும் மருந்துகளையும் மேலே ஏற்றும் நேரம். மழை விட்டுவிட்டது என்பதை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று: இந்த எண்கள் அளவுகோலின் சுழியத்திலிருந்து வருபவை, உங்கள் வாசலின் ஆழம் அல்ல. எந்த மட்டத்தில் உங்கள் ஒழுங்கைக்குத் தண்ணீர் வந்தது என்று ஒவ்வொரு வெள்ளத்திலும் குறித்து வைத்தால், இரண்டு மூன்று தடவையில் உங்கள் இடத்துக்கென்று ஓர் எல்லை கிடைக்கும். கங்கை அமைதியாக இருக்கும்போதே நகரத்துக்குள் பெய்த மழை கால்வாய் நிறைந்து வீதிக்கு வருவது வேறு கணக்கு. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகம் மூழ்கியது அந்த வகை. அதற்கு இந்த அளவுகோல்கள் எச்சரிக்காது.

கேள்வி: செய்மதிப் படத்தில் வெள்ளத்தை அன்றன்றே பார்க்கலாம் என்கிறார்களே? – வாசகர், தெஹிவளை

ஓரளவுக்கு. செண்டினல்-2 என்ற செய்மதி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் படம் எடுப்பது, மழை முகில் மூடினால் ஒன்றும் தெரியாது. செண்டினல்-1 ரேடார், முகிலையும் இருளையும் ஊடுருவும். அசையாத தண்ணீர் ரேடாரில் கறுப்பாக வரும். கடுவலைப் பக்க வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் இது நன்றாகவே வேலை செய்யும். நெருக்கமான வீடுகளுக்குள் அலை தண்ணீரிலும் சுவரிலும் பட்டுத் திரும்புவதால் வெள்ளம் நின்ற இடமே வெளிச்சமாகத் தெரியலாம். நகரத்துக்குள் கறுப்பு இல்லை என்பதை வெள்ளம் இல்லை என்று படிக்காதீர்கள். ஒரே செய்மதி ஒரே பாதைக்குத் திரும்ப 12 நாள், இரண்டு செய்மதி சேர்ந்தால் 6 நாள். உச்ச வெள்ளம் அந்த இடைவெளியில் வந்து வடிந்துவிடவும் கூடும். மீட்பு வேலைக்குத் தரையிலிருந்து வரும் பதிவுதான், செய்மதிப் படம் பிறகு சேதத்தைக் கணக்கிட.

கேள்வி: மலையடிவாரத்தில் எங்கள் லயன்கள் இருக்கின்றன. மழையை நாங்களே அளந்து வரைபடத்தில் போட முடியுமா? – வாசகர், அவிசாவளை

முடியும், செய்யவும் வேண்டும். மழை ஒரு மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாகப் பெய்வதில்லை.

வாய் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனல் ஒன்றும் 5 லீட்டர் கலன் ஒன்றும் எடுங்கள். அந்தப் புனலின் வாய்ப் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர், ஆகவே 1 மில்லிமீட்டர் மழைக்கு 31.4 மில்லிலீட்டர் தண்ணீர் சேரும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்துக்கு, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டரை விழிப்புக்கும், 100ஐ எச்சரிக்கைக்கும், 150ஐ வெளியேற்றத்துக்கும் அளவாக வைத்திருக்கிறது. உங்கள் கலனில் அவை 2.36, 3.14, 4.71 லீட்டர். அந்த மூன்று அளவுக்கும் தண்ணீரை அளந்து ஊற்றி, கலனின் வெளியே மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறப்பூச்சில் கோடு இழுத்துவிடுங்கள். இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தாலே போதும். ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் விழுந்தாலும் வெளியேற வேண்டும், ஆகவே கடும் மழையில் மணிக்கொரு தடவை பாருங்கள்.

புனலின் வாய் மட்டமாக இருக்க வேண்டும். மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்தில் வையுங்கள், கூரைத் தண்ணீர் தெறிக்கும் இடம் ஆகாது. கழுத்தில் இலை அடைத்தால் மழை குறைவாகத் தெரியும், இந்தப் பிழை ஆளைக் கொல்லும், ஆகவே வலைத்துண்டு ஒன்றைப் போட்டுத் தினமும் பாருங்கள். காலை 8.30க்கு அளந்து ஊற்றிவிடுங்கள், வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளும் அப்போதுதான் தொடங்குகிறது. மழை இல்லாத நாளுக்கும் சுழியம் என்று பதியுங்கள். பதிவே இல்லாத நாளும் மழை இல்லாத நாளும் வரைபடத்தில் ஒன்றாகிவிடக் கூடாது.

நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைப் படத்தோடு பதியுங்கள். அவற்றைக் கண்டால் கலனில் எவ்வளவு இருந்தாலும் வெளியேறிவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் காற்றுத் தரக் கருவி பொருத்தினேன். இரவில் எண் ஏறுகிறது, பகலில் இறங்குகிறது. லொறிகள் ஓடுவது பகலில்தானே? – வாசகர், கிராண்ட்பாஸ்

உங்கள் கருவியில் பிளான்டவர் பிஎம்எஸ் 5003 வகை உணரி இருந்தால், அது லேசர் ஒளி சிதறுவதை வைத்துத் துகளை எண்ணுகிறது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும், உணரி அதை அதிக மாசு என்று படிக்கும். கொழும்பு இரவில் அந்த ஈரப்பதம் சாதாரணம். ஆனாலும் முழுதும் உணரியின் பிழை என்று சொல்லிவிட முடியாது. இரவில் காற்று அசைவு குறைந்து புகை தரையோடு தங்குவதும் உண்மை. இரண்டையும் பிரிக்க ஈரப்பத உணரி ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டு எண்களையும் சேர்த்துப் பதியுங்கள். அமெரிக்காவில் உருவாக்கிய திருத்தச் சூத்திரத்தை அப்படியே போடாதீர்கள். இங்குள்ள புகையும் ஈரமும் வேறு. நம்பகமான நிலையம் ஒன்றின் பக்கத்தில் சில வாரம் வைத்து ஒப்பிடுவதுதான் சரி.

உணரிக்கு மின்சாரம் 5 வோல்ட், தரவுக் கம்பிக்கு 3.3 வோல்ட். உணரி உறக்க நிலையிலிருந்து எழுந்தபின் முதல் 30 விநாடி எண்ணைத் தள்ளிவிடுங்கள். நுளம்புச்சுருள், சமையலறைப் புகைபோக்கி, ஊதுபத்தி ஆகியவற்றுக்கு விலகி, இரண்டு மீட்டர் உயரத்தில், மழை படாமல், கீழ்நோக்கித் திறந்த குழாய்க்குள் வையுங்கள். ஐந்து நிமிட எண்ணைப் பிறருக்குக் காட்டிப் பயமுறுத்தாமல் 24 மணித்தியாலச் சராசரியை வெளியிடுங்கள். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு இலங்கையின் 2008 நியமம் அந்தச் சராசரியில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு இந்தியப் பெருநிலத்திலிருந்து புகை வந்து சேர்வதால், அந்த மாதங்களின் ஏற்றத்தை உங்கள் தெரு லொறிகள் மேல் மட்டும் போட முடியாது. பொது வரைபடத்தில் கருவியின் இடத்தைச் சந்தியளவுக்கு நகர்த்திக் காட்டினால் போதும்.

கேள்வி: பிரதேச செயலகத்திலிருந்து வந்த தமிழ்ப் பட்டியல் வரைபடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. – வாசகி, வத்தளை

அது யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. யுனிகோடு மாற்றியில் போட்டு மாற்றுங்கள், பிறகு பெயர்களை ஒருவர் வாசித்துச் சரிபார்க்கட்டும். மாற்றியபின் கேள்விக்குறிகளாக வந்தால் எக்செலில் சேமித்த முறை பிழை, சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற தெரிவில் சேமியுங்கள்.

கேள்வி: தனியாக இருக்கும் முதியோர், டயலிசிஸ் செய்பவர், கர்ப்பிணிகள் வீடுகளை எல்லாரும் பார்க்கும் வரைபடத்தில் குறித்தால் உதவி விரைவாகக் கிடைக்காதா? – வாசகி, வெள்ளவத்தை

வேண்டாம். தனியாக இருக்கும் முதியவரின் வீட்டை ஊருக்கே காட்டுவது திருடனுக்கும் காட்டுவதுதான். நோய் விவரம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசேட வகைத் தரவு.

இரண்டு வரைபடங்கள் வையுங்கள். பொதுவில் இருப்பது நீர்மட்டம், அடைபட்ட வீதி, பாதுகாப்பு நிலையம், குடிநீர் கிடைக்கும் இடம். தனியானது, பெயர் சொல்லி அனுமதித்த நான்கைந்து பேருக்கு மட்டும், கடவுச்சொல்லோடு. இணைப்பு தெரிந்தவர் யாவரும் திறக்கலாம் என்ற தெரிவு பூட்டு அல்ல, ஒருவர் அதை வட்ஸ்அப்பில் போட்டால் முடிந்தது. ஒவ்வொருவரிடமும் எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார், எப்போது அழிப்போம் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். டயலிசிஸ் செய்பவருக்கு எந்த நாளில் எந்த வைத்தியசாலை என்பதையும் எழுதி வையுங்கள், வீதி அடைபட்டால் முதல் நாளே அவரைக் கொண்டுபோக அது உதவும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லா எண்களுக்கும் அழைத்துப் பாருங்கள், வீடு மாறியவர் பெயரை அன்றே எடுத்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வரைபடத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.